தெக்கோங் வாரங்கள்

செவ்வாய், இரவு

தேசிய சேவையின் ராணுவப் பயிற்சிக்காகப் பிள்ளையைப் புலாவ் தெக்கோங் தீவில் விட்டுவிட்டு வந்தோம். சாங்கியிலிருந்து கிளம்பிய படகு கொஞ்ச நேரத்தில் தீவைத் தொட்டுவிட்டது. முதல் நாள் பெற்றோரையும் கூட அழைத்துப் போகிறார்கள். படுக்கும் அறை, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் காட்டினார்கள். பிறகு பையன்கள் வரிசையில் நின்று, உயிரைக் கொடுத்தும் நாட்டைக் காப்போம் என்று ஒரே குரலில் உறுதிமொழி எடுத்தார்கள். இவரைத் திரும்பிப் பார்த்தேன். உதடு இறுகியிருந்தது.

அங்கேயே மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சைவச் சாப்பாடு தனியாகக் கிடைக்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் என் மாமியாருக்குப் போன் போட்டு முதலில் சொன்ன சேதி அதுதான்.

இவர் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து நிரந்தரவாசி ஆனவர். அப்படி வந்த முதல் தலைமுறைக்குத் தேசிய சேவை கிடையாது, ஆண்பிள்ளைகளுக்கு உண்டு. இந்த அடுக்குமாடியில் மற்ற அப்பாக்கள் தங்கள் ராணுவக் கதைகளைச் சொல்லிப் பையன்களை அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டில் சொல்ல ஒரு கதையும் இல்லை. படகுக்குத் திரும்பும் முன் இவர் அவன் தோளைப் பிடித்து, “எனக்கு இது தெரியாதுடா. நீ கத்துக்கிட்டு வந்து எனக்குச் சொல்லு” என்றார். அதைவிட நல்ல வார்த்தை எனக்கு வாய்த்திருக்காது.

வெள்ளி

முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்கள். இரவில் கொஞ்ச நேரம் கைபேசியில் பேசலாம். குரல் கம்மியிருக்கிறது. அங்கே அவனுக்கு நான்கு இலக்க எண் கொடுத்திருக்கிறார்களாம், அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் ஒன்றாக நின்று, சார்ஜென்ட் சொல்லச் சொல்லத் தண்ணீர் குடிக்க வேண்டும். ‘வாட்டர் பரேட்’ என்கிறான். கேட்டதும் எனக்கு மனசு சற்று ஆறியது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பாரம் சுமந்து ஓடுகிறவனுக்கு உடம்புச் சூடுதான் பெரிய எதிரி.

சின்ன வயதில் அவனுக்கு இளைப்பு இருந்தது. படையில் சேரும் முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அதைச் சொல்லலாமா என்று தயங்கினான். கூட்டாளிகளோடு சேர்ந்து பயிற்சி செய்ய விடமாட்டார்களோ என்று கவலை. ஒன்று விடாமல் சொல்லத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சோதித்துப் பார்த்துத் தகுதி என்றார்கள். பெற்றவர்கள் கண்டிப்பாகத் தலையிட வேண்டிய இடம் அது. அதற்குப் பிறகு, அறையில் புழுக்கம், சார்ஜென்ட் கத்துகிறார், தூக்கம் போதவில்லை என்பதற்கெல்லாம் அதிகாரிக்குப் போன் போடக்கூடாது. அவன் என்னிடம் புலம்புவது யாராவது கேட்க வேண்டும் என்பதற்காக. நான் போய்த் தீர்த்துவைப்பேன் என்று தெரிந்தால் புலம்புவதையே நிறுத்திவிடுவான்.

சனி

முதல் புக் அவுட், அதாவது வீட்டுக்கு விடும் நாள். பாசிர் ரிஸ் நிலையத்தில் போய் நின்றோம். மொட்டைத் தலையோடு வந்த அத்தனை பையன்களும் ஒரே மாதிரி இருந்தார்கள். வெயிலில் கறுத்துப்போன அவன் கழுத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. அதை அவனிடம் காட்டவில்லை. அவன் சுமப்பது போதும். என் பயத்தையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டாம்.

ரசஞ்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு மாலை வரை தூங்கினான். அவனைப் பார்க்க வருவதாகச் சொன்ன சொந்தக்காரர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஒன்றரை நாள் அவனுடையது. பச்சைச் சீருடையை ‘நம்பர் ஃபோர்’ என்கிறான். துவைத்தபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது.

புதன்

அடுத்து காட்டில் முகாம். ஐந்தாறு நாள் குளியல் கிடையாது, பவுடர்தான். அங்கே கொடுப்பதற்குப் பெற்றோரிடம் கடிதம் கேட்டிருக்கிறார்கள், பையன்களுக்குச் சொல்லாமல். வெள்ளைத் தாளோடு இரண்டு இரவு உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் தேசிய சேவை தொடங்கிய 1967-இல் போன முதல் அணியைச் சேர்ந்தவர். மின்தூக்கி அருகே பார்த்தபோது கேட்டேன். அணிவகுப்புக் கட்டளைகள் அன்றைக்கும் மலாயில்தான், இன்றைக்கும் மலாயில்தான் என்று சொல்லி, நின்ற இடத்திலேயே “செடியா!” என்று விறைத்துக் காட்டினார். பிறகு சொன்னார்: “தைரியமாக இரு என்று எழுதாதே. அதை அங்கே நாள் முழுக்கச் சொல்வார்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுது.”

அப்படியே எழுதினேன். தொட்டியில் கறிவேப்பிலை மறுபடி துளிர்த்திருப்பது, அப்பா அவன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டது, பாட்டி தினமும் “புள்ள தயிர் சாப்பிடுதா”ன்னு கேட்பது. தமிழில்தான் எழுதினேன். அவன் எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பான். படிக்கட்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் எங்களோடு இருப்பான்.

ஞாயிறு

முகாம் முடிந்து நேற்று வந்தான். உள்ளங்கையில் கொப்புளம், படுத்துச் சுடுவதற்குத் தானே குழி தோண்டினானாம். மழை பெய்து குழி நிறைந்ததைச் சொன்னான். முதல் தடவையாகக் கேட்காமலே சொன்னான். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தார். துப்பாக்கி சார் 21, இங்கேயே தயாரானது என்று அப்பாவுக்குப் பாடம் நடந்தது.

கடிதத்தைப் பற்றிச் சாப்பிடும்போதுதான் பேச்சு வந்தது. அவனோடு ஜோடி சேர்த்துவிட்டிருக்கும் பையனுக்கு அன்று கடிதம் வரவில்லையாம். “உன் கடிதத்த அவனுக்கு இங்கிலீஷ்ல சொன்னேம்மா. பாட்டி தயிர் கேட்டத ரெண்டு தடவ சொல்லச் சொன்னான்.”

அந்தப் பிள்ளையின் வீட்டு நிலவரத்தை நான் கேட்கவில்லை. “அடுத்த வாரம் அவனையும் கூட்டிட்டு வா. என்ன சாப்பிடுவான்னு மட்டும் கேட்டுச் சொல்லு” என்றேன்.

இனி 24 கிலோமீட்டர் நடை, அதன்பின் நிறைவு அணிவகுப்பு. இவர் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். கூட்டாளிக்கும் சேர்த்து இரண்டு டப்பா பவுடர் பையில் வைத்திருக்கிறேன்.