தோள் தாங்கும் தூரம்

வேட்டை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை யாவை? பாய்ந்தோடும் குதிரை, முறுக்கிய மீசை, மடிந்து கிடக்கும் விலங்கின்மேல் ஊன்றிய கால், அரண்மனைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட தலை! வேந்தர்க்கு அது விளையாட்டு. வெள்ளைத் துரைமார்க்கு அது வீரப் பதக்கம். காட்டோரத்து ஏழைக்கோ அது முட்புதரில் ஓடும் ஓட்டம். பறையடித்து விலங்கை விரட்டிவிட அவன். பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ள அவர்! 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் அந்தக் கூத்துக்குத் திரை போட்டது. நல்லதே செய்தது.

அந்தச் சட்டத்தின் நிழலில் பிறந்து வளர்ந்தவன் நான். திருச்சியிலே கலைப்பட்டம் பெற்று, கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவிலே ஆசிரியப் பயிற்சி முடித்து, அங்கேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வரலாறும் நிலநூலும் சொல்லித்தருகிறேன். இவ்வாண்டுக் கோடை விடுமுறையில், ஒரு வேட்டைக்காகக் காடு பார்த்து வந்தேன். காடு பார்த்து வந்தேன் என்றுதான் சொல்கிறேன். விலங்கை வீழ்த்தி வந்தேன் என்று சொல்லவில்லை. வேட்டைப் பருவம் செப்டம்பரில்தான் திறக்கிறது. எனினும், ஒரு தோட்டாகூட வெடிக்காத இந்த இரண்டு மாதங்களில் நான் கற்றது கொஞ்சமன்று. அதனைத்தான் அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

வேட்டைக்குரிய விலங்கின் பெயர் மூஸ். மான் குலத்திலேயே மிகப் பெரியது. வளர்ந்த ஆணின் எடை 450 கிலோவை எட்டும். தோள்மட்டமே ஆள் உயரம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் உதிர்ந்து, ஒவ்வொரு கோடையிலும் புதிதாய்த் தழைக்கும் அகன்ற கொம்பு. மூஸ் என்பது ஆங்கிலேயரின் சொந்தச் சொல் என்று எண்ணிவிடாதீர்கள். வட அமெரிக்க முதற்குடிகளின் அல்கோங்கிய மொழிக் குடும்பம் ஈந்த சொல் அது. கிளையை உரித்துத் தின்பது என்னும் பொருள் தரும் வேரினின்று அது பிறந்தது என்பர் மொழிநூலார். மண்ணைப் பறித்தவர்களின் நாவிலே மண்ணுக்குரியோரின் சொல் இன்றும் வாழ்கிறது!

ஆனால் இந்தத் தீவுக்கு அவ்விலங்கு வந்தேறி. 1878-இல் இரண்டு மூஸ்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டனர். பின்னர் 1904-இல் நியூ பிரன்சுவிக் மாநிலத்திலிருந்து நான்கு, ஆண் இரண்டு, பெண் இரண்டு, ஹௌலி என்ற ஊரருகே விடப்பட்டன. அந்த நான்கின் வழி வந்த கூட்டம் இன்று 1 இலட்சத்தையும் தாண்டி நிற்கிறது! தீவின் ஓநாய் இனமோ 1930-களுக்குள் அற்றுப்போயிற்று. தடுக்கப் பகையில்லை, தின்னக் காடு உண்டு. விளைவு? தளிர்க்கும் ஃபிர் மரக்கன்றுகளை எல்லாம் தின்று தீர்த்தன. காடு கிழடாயிற்று, அதற்கு வாரிசு இல்லாமற் போயிற்று. காக்கவென்றே அமைத்த தேசியப் பூங்காக்கள் இரண்டிலே, குரோஸ் மோர்னிலும் டெர்ரா நோவாவிலும், 2011 முதல் வேட்டைக்கு இசைவு தரவேண்டி வந்தது. மனிதன் கொண்டுவந்து விட்டதன் கணக்கை மனிதனே பார்க்க வேண்டிய நிலை.

கணக்குப் பார்க்கத் தவறினால் என்ன நேரும் என்பதை இத்தீவு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நூற்றாண்டுகளாகக் காட் மீனை நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். பேரியந்திரக் கப்பல்கள் கடலைச் சல்லடையாகச் சலித்தன. 1992-இல் ஒரு நாள் அரசு ஆணை பிறந்தது: இனிக் காட் மீன் பிடிக்கலாகாது! ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். வலைகள் கொட்டகையில் மடிந்தன; வாலிபர் வேற்றூர் ஏகினர். அந்தத் தடை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2024-இல்தான். எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தால் எடுக்க எதுவும் மிஞ்சாது. இப்பாடத்தைப் பசியால் படித்தவர்கள் அவர்கள்.

எனவேதான் இங்கே வேட்டைக்கு வரம்பு உண்டு. தீவு முழுவதும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பகுதிக்கு இத்தனை உரிமம் என்று அளவு. விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வரவேண்டும், வந்த பகுதியில் மட்டுமே வேட்டையாட வேண்டும். எங்கள் பள்ளியில் மரவேலை கற்பிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர், அகவை 58. கடலோரக் காடுகளை உள்ளங்கைபோல் அறிந்தவர். இவ்வாண்டு அவருக்குக் கிடைத்ததோ தீவின் நடுவே, அவர் காலே படாத ஒரு பகுதிக்கான உரிமம். அடுத்த ஆண்டு கிடைக்குமா என்பது உறுதியில்லை. அவர் வீடு, மணமான மகளின் வீடு, கணவனை இழந்த அண்டை வீட்டம்மை, இம்மூன்று வீடுகளின் குளிர்காலக் கறி அந்த ஒரு தாளில் அடங்கியிருந்தது. கண்ணாடிப் புட்டிகளில் மூஸ் கறியை அடைத்து வேகவைத்து, பனிக்காலம் முழுதும் உண்பது இங்கே வழக்கம்.

"எனக்கு இரண்டாவது முதுகு ஒன்று வேண்டும், வருகிறாயா?" என்றார். எனக்கு உரிமமில்லை, துப்பாக்கியும் தொடமாட்டேன். சுமக்கும் முதுகாகச் செல்ல இசைந்தேன்.

முதல் வேலை மேசையில் தொடங்கியது. 1:50,000 அளவு நிலப்படத்தை விரித்தோம். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டோம். 1909-இல் கிராண்ட் ஃபால்ஸ் ஊரில் திறந்து 2009-இல் மூடிய காகித ஆலைக்காக மரம் வெட்டிய காடுகள் அப்பக்கம் பரந்து கிடக்கின்றன. மரம் வெட்டிய இடத்தில் இளங்காடு முளைக்கும்; இளங்காட்டில்தான் மூஸ் மேயும். பழைய மரவண்டிப் பாதைகள் மயிர்க்கோடுகளாகத் தெரிந்தன. திசைகாட்டியைப் பற்றி என் மாணவர்க்குச் சொல்லும் ஒரு செய்தி அங்கே பயன்பட்டது. இத்தீவிலே காந்த முள் மெய்வடக்கைக் காட்டுவதில்லை. ஏறத்தாழ 17 பாகை மேற்கே சாய்ந்து நிற்கும். அதனைத் திருத்தாமல் 3 கிலோமீட்டர் நடந்தால், சேரவேண்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் விலகிப்போவோம். அறிமுகமான ஊரில் அந்தப் பிழை சிரிப்பு. அறியாத காட்டிலோ அது இரவு!

அடுத்த வேலை, கேட்பது. அறியாத நாட்டுக்குள் நுழைபவனுக்கு முதல் ஆயுதம் காது. பாதை முடியும் இடத்தில், ஆற்றங்கரைக் குடிலில் கோடையைக் கழிக்கும் மூதாட்டி ஒருவர். அந்நியனையும் 'மகனே' என்று விளிப்பது இத்தீவு முதியோரின் இயல்பு. தேநீர் தந்தார். "மூஸ் எங்கே நிற்கும் அம்மா?" என்று கேட்டார் என் தோழர். அம்மூதாட்டி நகைத்தார்.

"எங்கே நிற்கும் என்று கேட்கிறாய், மகனே, எங்கே விழும் என்று கேள்! அந்த ஏரிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் ஒன்றைச் சுட்டார். அடிபட்டது சதுப்பிலே போய் விழுந்தது. இரண்டு நாள் சுமந்தோம். பாதிக் கறி கெட்டுப்போயிற்று. அன்றைக்கு அவர் அழுததைப்போல் என்றும் அழுததில்லை."

ஏட்டில் நான் படித்த வேட்டைக் கதைகள் பலவும் துப்பாக்கி வெடித்ததும் முடிந்துவிடும். மூதாட்டியின் கதையோ அங்கேதான் தொடங்கியது.

மூன்றாவது வேலை, நடப்பது. சூலையிலும் ஆகஸ்டிலும் ஐந்து முறை சென்றோம். கருவண்டுபோல் மொய்த்துக் கடிக்கும் ஈக்கள்; காலை விழுங்கும் சதுப்பு; காற்றின் கொடுமையால் குள்ளமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மரக்கூட்டம். டக்கமோர் என்று இம்மக்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதனுள்ளே புகுந்தால் நூறு அடி கடக்க நூறு மூச்சு வேண்டும். அங்கேதான் காட்டைப் படிக்கக் கற்றேன். மேல்வரிசை முன்பல் இல்லாத விலங்காகையால், மூஸ் கடித்த கிளைநுனி பிய்ந்து கிடக்கும். முயல் கடித்ததோ கத்தியால் சீவியதுபோல் இருக்கும். மூஸின் கண் மங்கல். காதும் மூக்கும் கூர்மை. ஆகவே என் தோழர் ஒவ்வோர் இடத்திலும் சிறிது மாவைத் தூவி, காற்றின் போக்கைக் கண்டு, குறித்துக்கொண்டார். வெப்பம் அதற்கு ஆகாது; நடுப்பகலில் நிழலையும் நீரையும் தேடும். எனவே வைகறையும் அந்தியுமே எங்கள் பள்ளி வேளை.

மூன்றாம் பயணத்தின் அந்தியில், பாதையிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி, அந்த ஏரியை அடைந்தோம். ஆம், மூதாட்டி சொன்ன அதே ஏரி! கரையோரம் கழுத்தளவு நீரில் நின்றது ஓர் ஆண் மூஸ். அல்லித் தண்டை வாய் நிறைய இழுத்தெடுத்துத் தலை நிமிர்ந்தது. மென்மயிர்த் தோல் போர்த்த கொம்பு இருபுறமும் விரிந்து, நீரைச் சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டாகக் காட்டில் நடந்தவர் என் தோழர். "இவ்வளவு பெரிதை நான் கண்டதில்லை" என்று மூச்சுக்குள் சொன்னார். பாதையை ஒட்டிய இளங்காட்டிலும் அடையாளங்கள் கண்டோம். ஆனால் அவை குறைவு, குளம்படியும் சிறிது. இங்கே நிற்பதோ மலை!

அன்றிரவு கூடாரத்தில் அவர் உறங்கவில்லை. விளக்கைத் தூண்டி, நிலப்படத்தை விரித்து, "ஆசிரியரே, கணக்குப் போடும்" என்றார். போட்டேன். அத்தகைய ஆணிடம் எலும்போடு கூடிய கறி 240 கிலோ என்று கொள்வோம். ஒரு முதுகுக்கு 30 கிலோ. ஆக எட்டுச் சுமை. ஆளுக்கு நான்கு. ஏரியிலிருந்து என்றால் போகவர ஆளுக்கு 32 கிலோமீட்டர். அதில் பாதி சுமையோடு. சதுப்பில் மணிக்கு 2 கிலோமீட்டர் நடந்தால் 16 மணி நேரம். செப்டம்பர்ப் பகலோ 12 மணிதான். அந்த மாதத்தில் வெயிலடிக்கும் நாட்களும் உண்டு. தடித்த தோலுக்குள் அடைபட்ட சூடு எலும்பை ஒட்டிய கறியை முதலில் கெடுக்கும். பாதையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விழுந்தால்? நடை 8 கிலோமீட்டர். நேரம் 4 மணி. மாலைக்குள் கறி முழுவதும் வண்டியேறும்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பென்சிலை எடுத்தார். பழைய மரவண்டிப் பாதையின் இருபுறமும், 1 கிலோமீட்டர் அளந்து, கோடு கிழித்தார். "இந்தக் கோட்டுக்கு அப்பால் எது நின்றாலும் என் விரல் அசையாது" என்றார்.

எவ்வளவு விலை கொடுத்துக் கிழித்த கோடு அது! கோட்டுக்குள் மூஸ் குறைவு. கோட்டுக்கு வெளியே அது நிறைவு. பருவம் முழுதும் காத்திருந்தும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். மூன்று வீட்டுப் புட்டிகளும் ஒழிந்து கிடக்கலாம். முழங்கால் வலிக்கும் 58 வயதில், இன்னொரு முறை அத்தகைய கொம்பைக் காண்பாரா என்பதும் ஐயமே. "நான் இன்னும் இரண்டு ஆட்களைச் சேர்க்கட்டுமா? ஏரிக்கே போகலாமே!" என்று கேட்டேன். "வருவார்கள், ஆனால் அன்றைக்கே வருவார்களா? உயிர் போன உடல் எவருடைய விடுப்பு நாளுக்காகவும் காத்திராது" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை.

வீரம் என்று நாம் கொண்டாடுவது எதனை? எட்டாத தொலைவிலுள்ளதைக் குறிபார்ப்பதை. அதனை எய்தபின் சுமப்பவர் யார், வீணாவது எவ்வளவு என்று கேட்பவனைக் கோழை என்கிறோம். தோட்டா 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரிக்கரையிலும் பாயும். அதற்குச் சுமை தெரியாது. சுமை அறிந்த முதுகு சொல்லும் எல்லைக்குள் துப்பாக்கியை நிறுத்துவதுதான் திட்டம். மற்றவையெல்லாம் ஆசைக்கு வரைந்த படம்.

இதை எழுதும்போது ஆகஸ்டு முடிகிறது. என் தோழரின் கொட்டகையில், ஈ புகாத வெண்துணிப் பைகள் எட்டு, துவைத்து மடித்து வைக்கப்பட்டுள்ளன. கயிறும் கத்தியும் காத்திருக்கின்றன. கழுவிக் கவிழ்த்த கண்ணாடிப் புட்டிகள் மூன்று வீட்டிலும் வரிசையில் நிற்கின்றன. அவை நிறையுமா என்பதை எவர் அறிவார்? நேற்று அவர் வீட்டுக்குச் சென்றபோது நிலப்படம் மேசைமேல் கிடந்தது. ஏரியைச் சுற்றி விரல் தடவிய அழுக்குத் தெரிந்தது. கோடு மட்டும் அழியாமல் இருந்தது.