பக்கிளின் பின்பக்கம்

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய அணிவகுப்பு பெல்ட் ஒன்று கைக்கு வந்தால், எல்லோருடைய கண்ணும் முதலில் போவது பக்கிளில் இருக்கும் கிரீடத்தின் மேல்தான். போவதில் தவறில்லை. அந்தக் கிரீடத்தின் வடிவம் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. விக்டோரியா காலத்துக் கிரீடங்களில் பெரும்பாலும் மேல் வளைவுகள் நடுவில் பள்ளம் விழுந்தாற்போல் தாழ்ந்திருக்கும். 1901இல் ஏழாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தபின் டியூடர் கிரீடம் வந்தது. அதில் வளைவுகள் தாழாமல் குமிழாக மேலெழும். அவருக்குப் பின் வந்த மன்னர்கள் காலத்திலும் அதுவே நீடித்தது. எலிசபெத் அரசி வந்ததும் புனித எட்வர்ட் கிரீடத்தைத் தேர்ந்தார், வளைவுகள் மறுபடி நடுவில் தாழ்ந்தன. 2022இல் மூன்றாம் சார்லஸ் டியூடர் கிரீடத்துக்கே திரும்பிவிட்டார்.

ஆக, நடுவில் தாழ்ந்த கிரீடம் என்றால் 1890ஆகவும் இருக்கலாம், 1990ஆகவும் இருக்கலாம். குமிழ்க் கிரீடம் என்றால் முதல் உலகப் போராகவும் இருக்கலாம், போன வருடமாகவும் இருக்கலாம். கிரீடத்தை மட்டும் பார்த்து வருடம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

இன்னும் பழைய தகடுகளுக்கு வேறு அடையாளம் உண்டு. 1855க்கு முன் காலாட்படையினர் மார்பின் குறுக்கே போட்ட வாரில் ஒரு தகடு இருக்கும். ஆரம்பத்தில் நீள்வட்டம், பிறகு செவ்வகம். அதில் அரச இலச்சினை முழுதாக இருந்தால் கேடயத்தின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு லில்லிப் பூ இருந்தால் அந்த வடிவம் 1801க்கு முந்தியது, ஏனென்றால் அந்த வருடத்தோடு இங்கிலாந்து மன்னர்கள் பிரான்ஸின் மீது கொண்டாடிய பெயரளவு உரிமையை விட்டுவிட்டார்கள். நடுவில் ஹனோவரின் சிறிய கேடயம் இருந்தால் 1801க்கும் 1837க்கும் இடைப்பட்டது. ஹனோவரில் பெண் அரசாள முடியாது என்பதால் விக்டோரியா வந்ததும் அது நீங்கியது. ஒரு வாரிசுச் சட்டம் இப்படி ஒரு சிப்பாயின் மார்புத் தகடு வரை வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதேயில்லை.

1855க்குப் பிறகு கவனம் இடுப்புக்கு இறங்கியது. அதிகாரிகளின் பக்கிள் இரண்டு பாகமாக வந்தது. நடுவில் ஒரு வட்டத் தகடு, அது போய் உட்காரும் வெளி வளையம் ஒன்று. வட்டத்தில் கிரீடமும் படையின் எண்ணும், வளையத்தில் படையின் பெயர். 1881இல் எண்களை எடுத்துவிட்டு ஊர், மாவட்டப் பெயர்களைக் காலாட்படைகளுக்குச் சூட்டினார்கள். ஆகவே எண் மட்டும் தாங்கிய காலாட்படைப் பக்கிள் பொதுவாக இந்த 26 வருட இடைவெளியைச் சேர்ந்தது.

இத்தனையும் முன்பக்கம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு வேலை தொடங்குவது அதைத் திருப்பிப் போட்ட பிறகுதான்.

நல்ல அதிகாரி பக்கிள் ஒன்றைத் திருப்பினால், தங்க முலாம் பூசிய அடித்தகட்டின் மேல் வெள்ளி எழுத்துகளும் இலச்சினையும் எப்படிப் பொருத்தப்பட்டன என்பது தெரியும். சிறிய துளைகள் வழியே பின்னால் நீட்டிய முளைகளை மடக்கியோ, பற்றாசு வைத்தோ சேர்த்திருப்பார்கள். இரண்டு பாகத்தின் முதுகிலும் ஒரே எண்ணோ ஒரே மாதிரிக் கீறலோ இருக்கும். ஒவ்வொரு ஜோடியையும் பட்டறையில் அரத்தால் ராவி ஒன்றுக்கொன்று பொருத்தியதால், வேறு ஜோடியோடு கலந்துவிடாமலிருக்கப் போட்ட குறி அது. இரு பாகத்திலும் எண் வேறுபட்டால் இரண்டு உடைந்த பக்கிள்களைப் பின்னாளில் யாரோ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

போலியும் இப்படி உற்றுப் பார்த்தால்தான் அகப்படும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்த நகலில் சிங்கத்தின் பிடரி மயிர் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் அசலைவிடச் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். அச்சில் வைத்து அடித்த அசலில் ஓரங்கள் கூர்மையாக நிற்கும். அதேபோல் 1950களிலிருந்து ராணுவ அடையாளங்களுக்கு வண்ணமேற்றிய அலுமினியம் வந்துவிட்டது. தூக்கினால் காற்றாக இருக்கும், தேய்க்காமலே மின்னும். அப்படி ஒரு துண்டில் கிரீடம் தாழ்ந்திருந்தால் அது விக்டோரியா காலத்ததாக இருக்கவே முடியாது.

யானையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகட்டில் யானை இருந்தால் உடனே இந்தியப் படை என்று சொல்லிவிடுகிறார்கள். ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி கிளாஸ்கோவின் படை. அதன் சின்னத்தில் யானையும் அசாயே என்ற பெயரும் இருக்கின்றன. 1803இல் இன்றைய மகாராஷ்டிரத்தில் மராட்டியரோடு நடந்த போரின் நினைவு அது. லெஸ்டர்ஷயர் படையின் புலியும் இந்தியாவில் சேவை செய்ததற்குக் கிடைத்ததே. ராயல் டப்ளின் ஃபியூஸிலியர்ஸ் சின்னத்தில் புலியும் யானையும் சேர்ந்தே நிற்கும். அந்த அயர்லாந்துப் படையின் போர்ப் பட்டியலில் ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர் என்று நம் ஊர்ப் பெயர்கள் வரும். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த ஐரோப்பியப் படைதான் மெட்ராஸ் ஃபியூஸிலியர்ஸ் ஆகி, பிறகு பிரிட்டிஷ் அரசுக்குக் கைமாறி, 1881இல் டப்ளின் பெயரைப் பெற்றது. 1922இல் கலைக்கப்பட்டது. சின்னத்தில் இருக்கும் இத்தகைய விலங்கு அந்தப் படை எங்கே சண்டை போட்டது என்பதைச் சொல்லும், ஆள் எந்த ஊர்க்காரன் என்பதைச் சொல்லாது.

தாத்தா காலத்துப் பெட்டியிலிருந்து எடுத்து, எந்தப் படையுடையது என்று ஆவலோடு கேட்டு மக்கள் காட்டும் பக்கிள்களில் பல ஒரே வகை: பித்தளை, நடுவில் கிரீடத்தின் மேல் நிற்கும் சிங்கம், சுற்றிலும் பிரெஞ்சில் அரச வாசகம். பொதுச்சேவைப் பக்கிள் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் எத்தனையோ படைகளின் சாதாரணச் சிப்பாய்கள் வெள்ளை பெல்ட்டில் இதைத்தான் போட்டார்கள். எந்தப் படை என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றதும் கொண்டுவந்தவரின் முகம் வாடிவிடும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதிகாரி தன் பணத்தில் தைத்துக்கொண்டது படையின் பெருமை. சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுத்தது அரசாங்கச் சொத்து, அதனால் அதில் குறி போடப்பட்டது. தோல் பெல்ட் மிச்சமிருந்தால் அதன் உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அகன்ற அம்புத்தலைக் குறி இருக்கும், கூடவே டபிள்யூ.டி. என்ற எழுத்துகள் இருந்தால் போர்த்துறை என்று பொருள், ஐ என்ற எழுத்து இருந்தால் இந்திய அரசின் கிட்டங்கி. அதன் பக்கத்திலேயே சில சமயம் படைப்பெயரின் சுருக்கமும், வருடமும், ஒரு எண்ணும் குத்தப்பட்டிருக்கும். அந்த எண்தான் ஆள்.

அதனால்தான் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். வெள்ளை பெல்ட்டுகளுக்கு நாமக்கட்டி போன்ற வெண்களிமண்ணைக் குழைத்துப் பூசுவது வழக்கம். அந்தப் பூச்சு தையலிலும் குத்திய எழுத்துகளின் பள்ளத்திலும் இன்னும் ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பூச்சும் போகும், தோல் ஊறி எழுத்தும் மங்கும். பித்தளையைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினால் முலாமின் மிச்சமும் போகும். ஒரே நாள் ஆசைக்கு நூறு வருடச் சான்று அழிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எண் கிடைத்தாலும் அவசரப்படக்கூடாது. 1920 வரை ஒவ்வொரு படையும் தனித்தனியாக எண் கொடுத்தது, ஒரே எண் பல படைகளில் பல பேருக்கு இருந்தது. பக்கத்தில் இருக்கும் படைச் சுருக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அது ஒருவரைக் குறிக்கும். 1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, முதல் உலகப் போரில் பணிபுரிந்த சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. பதக்கப் பட்டியல்கள் தப்பின. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்தப் பட்டியல்கள் படைவாரியாக எண்ணையும் பெயரையும் தருகின்றன. அந்தப் போர்க்காலத்து பெல்ட் ஒன்றின் உட்புறத்தில் படையும் எண்ணும் தெளிவாகப் படிக்கக் கிடைத்தால், கோப்பு எரிந்துபோன ஒரு சிப்பாயின் பெயரைக்கூட அங்கே தேடி எடுத்துவிடலாம்.