சவரக்கத்தியில் வாசித்த ஊர்

ஊரில் தலைமயிர் வெட்டப் போகும்போதெல்லாம் சவரக்கத்தியில் 'சோலிங்கன்' என்று பொறித்திருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறேன். அது ஓர் ஊரின் பெயர் என்று ஜேர்மனிக்கு வந்த பின்தான் தெரிந்தது. 1938இலிருந்து சட்டம் காக்கிற பெயர். வேறிடத்தில் செய்த கத்தியில் அதைப் பொறிக்க முடியாது.

பதினாறு வயது மகனோடு ஒரு சனிக்கிழமை வூப்பர்டாலிலிருந்து ட்ரொலிபஸ்ஸில் போனேன். கொழும்பில் ஒருகாலம் ஓடியதே, அந்த வகை. கிரேஃப்ராத்தில் இறங்கினால் கற்பலகை போர்த்திய வீடுகள், பச்சை யன்னல் கதவுகள். மேலே பழைய கன்னியர் மடம். 1991 முதல் கத்தி நூதனசாலை அங்கேதான்.

வாள்களின் முன்னால் நின்ற ஒரு முதியவர், தானும் சேகரிப்பவர் என்று பேச்சுக் கொடுத்தார். கைசர் காலத்துப் பிரஷ்ய இராணுவத்தில் துவக்கு முனையில் பூட்டிய கத்தியென்றால், அலகின் முதுகைப் பார்க்க வேண்டுமாம். கிரீடம், 'டபிள்யூ' எழுத்து, கீழே இரண்டு இலக்கம்: 17 என்றால் 1917. நாசிக்காலப் பொலிஸ் கத்திக்குக் கழுகுத்தலை, மான்கொம்புப் பிடி. போலிகள் மலிந்து கிடக்கின்றன. "மினுக்கினால் மதிப்புப் போய்விடும். விரல் வியர்வை பட்டாலே துரு" என்றார்.

தராசுச் சின்னத்தைக் காட்டியபோதுதான் அவர் குரல் இறங்கியது. அது கொப்பல் என்ற யூதக் குடும்பத்தின் தொழிற்சாலை, 1821இல் தொடங்கியது. நாசிகள் அதைப் பறித்தார்கள். குடும்பத்தின் அலெக்சாண்டர் கொப்பல் 1942இல் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே இறந்தார். இராணுவத்துக்கு வாள் செய்து கொடுத்த வீடு!

திரும்பும் வழியில் பழம்பொருட் கடையொன்றில் அப்படியொரு கத்தியைக் கண்டு, "அப்பா, வாங்கித் தாங்கோவன்" என்றான் மகன். பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது. இப்படியான ஆயுதம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் கையில் இருக்கக்கூடாது. பெரியவர்களும் தெருவில் கொண்டுபோவதானால் பூட்டிய பெட்டிக்குள்தான். சுவஸ்திகா தெரிய வெளியில் காட்டினால் தனிக் குற்றம். 2024 ஓகஸ்ட் 23இல் இதே ஊரின் விழாவில் ஒருவன் கத்தியால் மூவரைக் கொன்றான்; அந்த ஒக்ரோபரில் சட்டம் இன்னும் இறுகி, பொது விழாக்களில் கத்தியே ஆகாதென்று ஆயிற்று. வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பொலிஸ் வழக்கே போதும். வாங்கவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இன்னோரிடம் பாக்கியிருந்தது. 1993 மே 29 இரவு, ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்கு இனவெறியர் தீ வைத்ததில் பெண்களும் சிறுமிகளுமாக ஐவர் இறந்தார்கள். கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது. வீடிருந்த இடத்தில் இப்போது ஐந்து செஸ்நட் மரங்கள். மகன் ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு எங்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்க வேறு படி உண்டா என்று கேட்டான்.