ஏரிக்கரை ஊர்கள் – 5: பஃபலோவில் ஒரு ஞாயிறு

நயாகராவைப் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள். பார்த்தேன், நனைந்தேன், பஸ் ஏறினேன். இந்த வாரம் முழுக்க அங்கிருந்து அரை மணி நேரத்தில் வரும் பஃபலோ நகரமும், அங்கே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்த ஸ்போர்ட்ஸ் பாரும்தான்.

ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு. பன்னிரண்டுக்கே உள்ளே நிற்க இடமில்லை. நம்மூர்க் கல்யாண மண்டபம் இரண்டைச் சேர்த்த அளவு கூடம். சுவரெல்லாம் திரை, தூணெல்லாம் திரை, ஆண்கள் கழிப்பறையில்கூட ஆளுயரத்தில் ஒரு திரை. ஒரே நேரத்தில் நாட்டின் பல ஊர்களில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் அத்தனையும் ஓடுகின்றன. சத்தம் மட்டும் ஒரே ஆட்டத்துக்கு: உள்ளூர் அணியான பஃபலோ பில்ஸுக்கு. அந்தக் கூட்டத்திலும் கழிப்பறைத் தரை காய்ந்து கிடந்ததைக் குறித்துக்கொண்டேன். யாரோ ஒருவர் துடைப்பத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தார்.

என்னைத் திடுக்கிட வைத்தது திரைகள் அல்ல, குழந்தைகள். தள்ளுவண்டியில் தூங்கும் கைக்குழந்தை, வண்ணம் தீட்டும் சிறுமி, நீலச் சட்டை போட்ட பாட்டி, பக்கத்திலேயே பீர் குடிக்கும் அப்பா. டாஸ்மாக் பாரின் ஈரத் தரையையும், வாசலில் தலை குனிந்து நுழைகிறவர்களையும் பார்த்து வளர்ந்தவன் நான். குடிக்கிற இடத்தை மனிதர் உட்காரும் இடமாக வைத்திருந்தால் குடிக்கிறவரும் மனிதராக நடந்துகொள்வார் என்பது என் கட்சி. அன்று சாயங்காலம்வரை அங்கே ஒருவர்கூடத் தள்ளாடி நான் பார்க்கவில்லை.

இடம் தேடி நின்றவனைக் கண்டு, அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள் தன் கோட்டை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “உட்காரு, ஹனி. முதல் தடவையா?” எட்டுப் பேர் உட்காரும் மேசை. அண்டை வீட்டாரும் மருமகனுமாக ஒரு கூட்டம். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆட்டத்தை அவர்தான் கற்றுக்கொடுத்தார். நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. காகிதக் கைத்துண்டில் கோடு போட்டுக் காட்டினார். ஆட்டம் அறுபது நிமிடம் என்பார்கள், முடிய மூன்று மணி நேரத்துக்கு மேலாகிறது. அதிலும் பந்து நகர்வது மொத்தமாகப் பத்துப் பதினோரு நிமிடம்தான் என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மீதியெல்லாம் இடைவெளி. பேச, சாப்பிட, திட்ட, மறு ஒளிபரப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல. இந்த விளையாட்டோடு இப்படி ஒரு பார் வளர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

பிறகு விங்ஸ் வந்தது. கோழிச் சிறகை இரண்டாக வெட்டி, மாவு தோய்க்காமல் அப்படியே எண்ணெயில் பொரித்து, மிளகாயும் வினிகரும் சேர்ந்த சாஸோடு வெண்ணெயை உருக்கிப் புரட்டியது. கடித்ததும் தோல் மொறுமொறுவென உடைகிறது. முதலில் புளிப்பு, பின்னால் மெல்ல ஏறும் காரம், அதை வெண்ணெய் தணிக்கிறது. ‘மீடியம்’ போதும் என்றார்கள். நான் ‘ஹாட்’ கேட்டு வாங்கினேன். ஆந்திரக் காரம் தெரிந்த நாக்குக்கு அது சரியான அளவு. தொட்டுக்கொள்ள நீலப் பாலாடைக்கட்டிக் குழம்பு, கடிக்கச் செலரித் தண்டு. பக்கத்து மேசையில் யாரோ தொட்டுக்கொள்ள அதற்குப் பதில் ‘ரான்ச்’ கேட்டபோது அந்த அம்மாளின் முகம் நிஜமாகவே வாடியது. ஊர்ப் பானம் என்று அவரே எனக்கு லோகன்பெர்ரி வரவழைத்தார். சிவப்பு, தித்திப்பு, நுரை கிடையாது. ஏரிக்கு அக்கரையில் கனடாவின் கிறிஸ்டல் பீச் பொழுதுபோக்குப் பூங்காவில் விற்ற பானம் அது. பூங்கா 1989இல் மூடப்பட்டது. பானத்தை இவர்கள் விடவில்லை.

சூப்புக்குப் போட்டுக்கொண்டிருந்த கோழிச் சிறகை முதன்முதலில் இந்த வகையில் சமைத்தது, மெயின் தெருவிலுள்ள ஆங்கர் பாரின் தெரெசா பெல்லிசிமோ, 1964இல் என்பது பரவலான கதை. அதே காலத்தில் ஜான் யங் என்ற கறுப்பின உணவகக்காரர் வெட்டாத முழுச் சிறகைத் தன் சாஸில் தோய்த்து இதே ஊரில் விற்றார். அவர் பெயரை நான் இங்கே வந்துதான் கேள்விப்பட்டேன். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இது தோற்றுப் பழகிய ஊர். 1991 முதல் 1994 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சூப்பர் பௌல் இறுதிக்குப் போய் நான்கிலும் தோற்றது பில்ஸ். முதல் தோல்வி ஒரே ஒரு புள்ளியில்: கடைசி விநாடிகளில் ஸ்காட் நார்வுட் உதைத்த 47 கெஜ உதை கம்பத்துக்கு வலப்புறம் விலகிப் போனது. அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் கையாலேயே பந்தின் பாதையைக் காற்றில் வரைந்தார். மறுநாள் ஊரே திரண்டு நார்வுட்டை வரவேற்று அவர் பெயரைக் கூவியதாம். திட்டவில்லை.

இன்னொன்றும் சொன்னார். 1999 சீசனுக்குப் பிறகு பில்ஸ் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2017 டிசம்பர் 31 அன்று, வேறு ஊர் ஆட்டத்தில், சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் கடைசி நிமிடத்தில் வீசிய ஒரு பந்து பால்டிமோரைத் தோற்கடித்தது. அதனால் பில்ஸுக்கு வழி திறந்தது. நன்றியாக, பஃபலோக்காரர்கள் டால்டனின் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். காத்திருந்த ஆண்டுகளின் கணக்கில் பதினேழு பதினேழு டாலராக. மூன்று லட்சம் டாலரைத் தாண்டியது. இந்த அம்மாளும் அனுப்பியிருக்கிறார். முன்பின் தெரியாத ஊரின் ஆட்டக்காரருக்கு! கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்று பில்ஸ் ஜெயித்தது. ஒவ்வொரு தடவை புள்ளி எடுத்தபோதும் கூடமே எழுந்து அணியின் பாட்டான ‘ஷவுட்’டைப் பாடியது, நானும் பாடினேன்.

பில் வந்தபோதுதான் மனம் கசந்தது. வரி 8.75 சதவீதம், சரி. அதன் கீழே பொடி எழுத்தில் சேவைக்காக 20 சதவீதம் ஏற்கெனவே சேர்த்திருக்கிறது. பிறகு கார்டு மெஷினைத் திருப்பி நீட்டி, “ஒரே ஒரு கேள்வி கேட்கும்” என்றாள் பரிமாறிய பெண். கேள்வி: டிப்ஸ் 18-ஆ, 20-ஆ, 22-ஆ? ஏற்கெனவே எடுத்தாயிற்றே என்றேன். அது மேசைக்கு, இது எனக்கு என்றாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று 1991 முதல் மாறாமல் நிற்கிறது மத்தியச் சட்டம். நியூயார்க் மாநிலம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது, அவ்வளவே. சம்பளத்தை முதலாளி கொடுக்கட்டும், விலையில் சேர்த்து எழுதட்டும், தருகிறேன். ஒரே வேலைக்கு இரண்டு தடவை கைநீட்டுவது ஏமாற்று.

அந்த அம்மாள் என் பில்லை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். மேலாளரை அழைத்தார். குரலை உயர்த்தாமல் பத்து நிமிடம் பேசினார். பிறகு மேசையிலிருந்த எல்லாருடைய பில்லையும் வாங்கினார். இரண்டு பேர் ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பணம் திரும்ப ஏறியது. என் பில் திருத்தி வந்தது. பரிமாறிய பெண்ணின் கையில் அவர் தனியாக ஒரு நோட்டை மடித்து வைத்ததையும் பார்த்தேன், நானும் வைத்தேன்.

அடுத்தது கிளீவ்லாந்து. பஸ் இரண்டு மணி நேரம் தாமதம்.