வென்றபின் என்ன செய்தார்?

"வென்றபின் அவர் என்ன செய்தார், ஐயா?"

நார்வே நாட்டு அரசியல்வாதி யோகான் சுவெர்ட்ரூப்பைப் பற்றி வகுப்பிலே நாம் முழங்கி முடித்ததும், கடைசி வரிசை மாணவன் கேட்ட கேள்வி இது. விடை தெரிந்திருந்தும், நேரமாகிவிட்டதெனக் கூறி நூலை மூடினோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

எதை முழங்கினோம்? 1816-இல் பிறந்த சுவெர்ட்ரூப் வழக்கறிஞர். 1851-இல் பாராளுமன்றம் புகுந்தவர். அந்நாளில் நார்வேயும் சுவீடனும் ஒரே மன்னனின் கீழ் இருந்தன. அமைச்சரை அமர்த்துபவன் மன்னன். அவ்வமைச்சர்களோ அவைக்குள் வந்து, மக்களின் பேராளர் கேட்கும் கேள்விக்கு நேர்நின்று விடை பகர்வதில்லை. அவர்கள் அவைக்கு வரவேண்டும் என்றார் சுவெர்ட்ரூப். 1874, 1877, 1880 ஆகிய ஆண்டுகளில், இடையிடையே தேர்தல்களைக் கண்டு, அவை மும்முறை அத்திருத்தத்தை நிறைவேற்றிற்று. மன்னன் இரண்டாம் ஆஸ்கர் மும்முறையும் மறுத்தான். ஒப்புதல் இன்றியும் அது சட்டமே என 1880 ஜூனில் அவை அறிவித்தது. மன்னன் பக்கம் நின்ற பிரதமர் செல்மர் மீது வழக்கு எழுந்தது. 1884 பிப்ரவரியில் அவர் பதவி பறிக்கப்பட்டது. ஜூன் திங்களில் சுவெர்ட்ரூப்பையே பிரதமராக்கினான் மன்னன். முடி தாழ்ந்தது, மக்கள் மன்றம் நிமிர்ந்தது!

மறுநாள் மாணவனிடம் மீதியைச் சொன்னோம். வாக்குரிமை விரிந்தது, 1887-இல் ஜூரி முறையும், 1889-இல் பொதுப்பள்ளிச் சட்டமும் வந்தன. ஆனால், சமயப் போலிகளைத் தம் கதைகளில் சாடிய எழுத்தாளர் அலெக்சாந்தர் கீலாந்துக்கு 1885-இல் உதவித்தொகை மறுக்கப்பட்டபோது, சுவெர்ட்ரூப்பின் கட்சி உள்ளுக்குள் பிளந்தது. 1887-இல் அவர் அரசு கொணர்ந்த திருச்சபைக் குழு மசோதா அவையில் படுதோல்வி கண்டது. அவையே அமைச்சர்க்கு மேல் என்று போராடியவர், அன்று பதவி விலகினாரில்லை! 1888-இல் கட்சி இரண்டாயிற்று. 1889-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் எதிர்நிற்க, பதவி துறந்தார். 1892-இல் மறைந்தார்.

மாணவன் சற்றே எண்ணிப் பார்த்தான். "அவர் வகுத்த நெறிதானே ஐயா, அவரையும் இறக்கியது?" என்றான்.

ஆம் தோழர்களே! அதுவே அவர் வெற்றி. மன்னனை அடக்கிய கோல் தம்மையும் அளக்கும்படி செய்து சென்றார். தாமே அதற்கு அஞ்சிய நாளிலும் கோல் வளையவில்லை. 2007-இல் அந்நெறி நார்வேயின் அரசியல் சட்டத்திலேயே எழுத்தாக ஏறிற்று.

தலைவனின் பாதியை மறைத்துப் பாடம் சொன்னால், பகுத்தறிவுக்குப் பதில் பக்தியையே வளர்ப்போம். அப்பிழையை நாம் ஒருநாள் செய்தோம். கேள்வி கேட்ட அம்மாணவனுக்கு நம் நன்றி.