கறுத்துப்போன திரை

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்து 26 ஆண்டுகள் ஆகின்றன. சயன் பகுதியில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட எங்கள் வீட்டில், விலையுயர்ந்த பொருள் என்று சொல்லத்தக்கது ஏழு ஆண்டுகளுக்கு முன் தவணையில் வாங்கிய மடிக்கணினி ஒன்றுதான்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் என் மகள் அதைத் திறந்தாள். விளக்கு எரிந்தது, விசிறி சுழலும் ஓசை கேட்டது, திரை மட்டும் கறுத்திருந்தது. திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அவளுக்கு இணையவழியாக நேர்முகத் தேர்வு. அவளுடைய சான்றிதழ்கள் யாவும் அதற்குள்ளேயே இருந்தன.

எட்டாம் வகுப்பு படிக்கும் இளைய மகன் முந்தின இரவு அதில் விளையாடிக்கொண்டிருந்தது என் நினைவுக்கு வந்தது. "நீதான் கீழே போட்டிருப்பாய்" என்று சீறினேன். "நான் போடவில்லை, அப்பா" என்று அழுதான். நான் செவிகொடுக்கவில்லை. அன்று மதியம் அவன் சாப்பிடவும் இல்லை.

மாலையில் அருகிலிருந்த கடைக்குக் கொண்டுபோனேன். திறந்தும் பாராமல், "திரையையே மாற்ற வேண்டும், 6,500 ரூபாய், நான்கு நாட்களாகும்" என்றார்கள். மனம் கலங்கி வீடு திரும்பினேன். அடுத்த கட்டடத்தில் குடியிருக்கும் அண்ணாச்சி ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கிறவர். மறுநாள் மாலை அவர் வந்து, "பணத்தைக் கொடுக்குமுன் நான்கு காரியங்களைச் சோதித்துப் பார்ப்போம்" என்றார்.

முதலாவது, கணினியை அணைத்து, மின்இணைப்பைக் கழற்றி, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால் சில வேளைகளில் அதுவே போதுமாம். எங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

இரண்டாவது, மறுபடி இயக்கி, அறையை இருட்டாக்கி, திரையின்மேல் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினோம். என்னோடு பேசாதிருந்த மகன்தான் டார்ச்சைப் பிடித்தான். மங்கலாக எழுத்துகள் தெரிந்தன! படம் உருவாகிறது, பின்னொளிதான் எரியவில்லை என்பது விளங்கிற்று.

மூன்றாவது, எச்.டி.எம்.ஐ. கேபிளால் தொலைக்காட்சியோடு இணைத்து, விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்திக் காட்சியை மாற்றினோம். படம் தெளிவாய் வந்தது. படத்தை உருவாக்கும் பாகத்துக்குப் பழுதில்லை. மகள் உடனே சான்றிதழ்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள்.

நான்காவது, மூடியை மெதுவாய் முன்னும் பின்னும் அசைத்தோம். ஒரு கோணத்தில் வெளிச்சம் பளிச்சிட்டு மறைந்தது. "கீல் வழியாக ஒரு மெல்லிய கேபிள் செல்கிறது. படமும் பின்னொளிக்கான மின்சாரமும் அதன் வழியாகத்தான் போகின்றன. திறந்து மூடும்போதெல்லாம் வளைந்து வளைந்து அது இற்றுப்போகும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் கீலும் தளரும்" என்றார் அண்ணாச்சி.

நான் தலைகுனிந்தேன். ஒரு கையால் மூலையைப் பிடித்து வெடுக்கென்று திறப்பது என் வழக்கம். அது வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியும்.

திங்களன்று மகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து தேர்வை நல்லவிதமாய் முடித்தாள். மறுநாள் லாமிங்டன் சாலையில் ஒரு கடையில் கணினியைக் கொடுத்தேன். பழுதுபார்ப்பவர் முதலில் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் மற்றவற்றில் கைவைத்தார். இற்றுப்போன கேபிளை எடுத்துக் காட்டினார். விழுந்து அடிபட்ட அடையாளம் எங்குமில்லை. கேபிளுக்கும் கூலிக்கும் சேர்த்து 1,350 ரூபாய் ஆயிற்று.

ஆனால் அந்தக் கேபிளைக் காணும்வரை நான் காத்திருக்கவில்லை. ஞாயிறு இரவே மகனை அருகில் அழைத்து, "தம்பி, அப்பா உன்மேல் வீண்பழி சுமத்திவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவன் சற்று நேரம் மௌனமாயிருந்து, "இனி நடுவில் பிடித்துத் திறங்கள், அப்பா" என்றான்.

பெற்றோரே, ஓர் இயந்திரத்தைக் குறைசொல்லுமுன் நான்கு விதமாய்ச் சோதித்தேன். என் பிள்ளையைக் குறைசொல்லுமுன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே!