கறுப்புச் சவர்க்காரம்

லாச்சப்பலில் அம்மாவுக்கு மரக்கறி வாங்கப் போகும் சனிக்கிழமைகளில், அப்படியே பார்பெஸைத் தாண்டிச் சாத்தோ ரூஜ் வரை நடப்பேன். போனமுறை அங்கே ஓர் ஆபிரிக்கக் கடையில் கானாவின் கறுப்புச் சவர்க்காரம் வாங்கிவந்தேன். உடைத்த பனங்கட்டி போல, உருவமில்லாத கட்டி.

"இதென்ன, கரி மாதிரி?" என்றார் அம்மா.

கொக்கோக் கோதின் சாம்பலில் செய்தது என்றேன்.

கொக்கோக் காயை வெட்டி விதையை எடுத்தால், காயின் எடையில் முக்காற்பங்கு கோதாகத் தோட்டத்திலேயே கிடக்கும். சும்மா அழுகினாலும் பரவாயில்லை. அந்தக் குவியலிலிருந்து கருங்காய் நோய் மற்ற மரங்களுக்குத் தொற்றும். கானாவில் பெண்கள் அந்தக் கோதைக் காயவைத்து எரித்து, சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடிக்கிறார்கள். வடிநீரில் இறங்குவது பொட்டாசியக் காரம். எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம். வாழைக்காய்த் தோலின் சாம்பலும் சேர்ப்பதுண்டு. பொட்டாசியம் என்பதால் கட்டி இறுகாது. ஈரம் பட்டால் கூழாகிவிடும்.

இப்போது ஆய்வுகூடங்களில் இதே கோதிலிருந்து பெக்டின், கரி, பொதிசெய்யும் தாள் என்று எடுக்கப் பார்க்கிறார்கள். பிரெஞ்சில் அதற்கு 'வலொரிசசியோன்' என்று பெயர், மதிப்பேற்றல். என் தொழிலிலும் இப்படியான சொற்களுக்குத்தான் சம்பளம். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரிகோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. அங்குள்ள விவசாயிக்குக் கோதுக்கும் யாராவது காசு கொடுப்பார்களா என்பதுதான் எனக்கு முதலில் வரும் கேள்வி.

அம்மா கட்டியை மணந்து பார்த்தார். 1990இல் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் கிடைக்காமற்போனபோது, பனம்பழத்தைப் பிசைந்துதான் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தோய்த்தார். வெள்ளைச் சட்டை மஞ்சளித்துப்போகும். கொடியில் காயும்போது வாசத்துக்கு மாடு வந்து சப்பும். ஒருநாள் என் சட்டைக் கொலரை மாடு தின்றுவிட்டது. அதையே போட்டுக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினேன். இதை நான் இங்கே நண்பர்களிடம் பகிடியாகச் சொல்வதுண்டு. அம்மா ஒருமுறையும் சிரித்ததில்லை.

"அவையளுக்கும் தடை போட்டவங்களோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. அது அவையளின்ரை வழமையான சவர்க்காரம். விரும்பித்தான் செய்யினம்."

நம்பியதாகத் தெரியவில்லை. கட்டியைத் திரும்பவும் தாளில் சுற்றி என்னிடம் தந்துவிட்டு, லாச்சப்பல் கடையில் வாங்கிய சந்தனச் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.